ஊர் திரும்புதலும் காணியும்: வன்னி மீள்குடியேற்ற வரலாறு குறித்து

இலங்கை உள்நாட்டுப் போரில் புலம்பெயர்ந்தோர் ஊர் திரும்பிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர். எத்தனை பேர் திரும்பினர் என்பது பதிவாகிறது; திரும்பியவர் எந்த உரிமையின்மேல் நின்று சிற்றூர் வாழ்வை மீண்டும் கட்டியெழுப்ப முனைந்தனர் என்பது பதிவாவதில்லை. இக்கட்டுரை வன்னிப் பகுதியை முதன்மையாகக் கொண்டு, காணி உரிமை என்னும் ஒரு கூற்றை மட்டும் நோக்குகிறது.

சொல்லாட்சி குறித்து ஒன்று கூறவேண்டும். 'அகதி' என்னும் வடசொல் கதியற்றவரைக் குறிக்கும். அதற்கு மாற்றாக வழங்கும் 'ஏதிலி' என்பதோ, குறளில் அயலாரைக் குறிக்கும் 'ஏதிலார்' என்பதோடு உறவுடையது. தஞ்சம் புகுந்த நாட்டில் அயலார் எனப்பட்டவர், திரும்பிய ஊரிலும் ஆவணமின்மையால் அயலாராகவே நிற்க நேர்ந்தது என்பதைக் கருதும்போது இச்சொல் எதிர்பாராத பொருத்தம் பெறுகிறது.

1983 சூலை வன்முறைக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தோருள் ஒரு பகுதியினர் 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டை நம்பித் திரும்பினர். 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபோது அவர்களுள் பலர் மறுபடியும் கடல் கடந்தனர். 1992இல் தொடங்கிய அடுத்த அனுப்புகை முழுவதும் விருப்பவழிப்பட்டதா என்னும் ஐயம் அப்போதே எழுந்தது. 1995 மார்ச்சு வரை 99,469 பேர் திரும்பினர் என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. எனவே, 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் நிகழ்ந்த திரும்புதல் பல குடும்பங்களுக்கு முதல் திரும்புதல் அன்று.

வன்னியின் காணி ஒருதன்மைத்தன்று. உறுதி பெற்ற தனியார் நிலம் ஒருவகை. இரணைமடு முதலிய குளங்களின் கீழ் அமைந்த குடியேற்றத் திட்டங்களில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்ற அரசு நிலம் மற்றொரு வகை. மூன்றாவது வகைக்கு எந்தத் தாளும் இல்லை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பின் வடக்கே வந்த மலையகத் தமிழர் பலர் காடு வெட்டித் திருத்திய நிலம் இது. அவர்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்திப் பயிர்த்தொழிலும் சிறார் பள்ளிகளும் நடத்தியது காந்தியம் இயக்கம். அதனைத் தொடங்கியோருள் ஒருவர் மருத்துவர் இராசசுந்தரம்; மற்றவர் வெளிநாடுகளில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றி நாடு திரும்பிய சோ. அ. டேவிட். 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். சூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராசசுந்தரம் உயிரிழந்தார். உயிர் தப்பிய டேவிட் பல்லாண்டுகள் சென்னையில் வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி, அவ்வாண்டிலேயே கிளிநொச்சியில் மறைந்தார். காந்தியம் குடியமர்த்திய டொலர், கென்ட் பண்ணைகளிலிருந்து மலையக மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். போருக்குப் பிந்தைய சிற்றூர் மேம்பாட்டுத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் இம்முன்வரலாற்றைக் கணக்கில் கொள்ளாதது பெருங்குறை.

திரும்புதலுக்கான ஆயத்தம் முகாம்களிலேயே தொடங்கியது. 1984இல் சா. செ. சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியரே ஏதிலியருக்காக நடத்திய அமைப்பு. ஊர் மீண்டு அதனைக் கட்டியெழுப்ப வல்லாரை முகாமிலேயே உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் அதன் பணிகளுள் நிலைத்த பயன் தந்தது, முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்வித்துக் குடியுரிமை பெற உதவியதே என்பது என் கருத்து. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பதிவின்றி இலங்கைக் குடியுரிமை கிட்டாது. குடியுரிமையின்றி அரசு நிலத்துக்கு அனுமதி கோர இயலாது.

ஊரில் முதலில் செய்யவேண்டியிருந்தது கிணறு இறைப்பது. கைவிடப்பட்ட கிணறுகள் தூர்ந்திருந்தன; சிலவற்றில் வெடிபொருள்கள் கிடந்தன. கண்ணிவெடி அகற்றிய சான்று கிடைக்கும் வரை வயலில் கால் வைக்க இயலவில்லை. சிறுகுளம் ஊரார் கூடிப் பேணுவது. ஊர் இல்லாத ஆண்டுகளில் கட்டு உடைந்து, வாய்க்கால் மூடி, வயல் பற்றைக்காடானது. காப்பரண்களுக்கெனப் பனைகள் வெட்டப்பட்டிருந்தன. இவையெல்லாம் உழைப்பால் மீட்கத்தக்கவை.

தாளில்லாமை அத்தகையதன்று. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ள 5,50,000 இலங்கை ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. காணிக்குச் சான்று காட்ட இயலாதவர் இத்தகைய உதவியில் பின்தங்கினர். கணவனை இழந்த பெண்களின் நிலை மேலும் சிக்கலானது. அனுமதிப்பத்திரக்காரர் வாரிசை நியமிக்காது இறந்தால், மேற்கூறிய கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசை ஆண்மக்களுக்கே முன்னுரிமை தந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முசுலிம்களின் திரும்புதலையும் இவ்வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. மன்னாரின் தெற்கே முசலிப் பகுதியில், இருபதாண்டு மக்களின்றிக் கிடந்த நிலம் காடாகி, அதன் ஒரு பகுதி 2012இல் ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டது. வெளியேற்றியவர் வேறு, ஆனால் திரும்பியவர் எதிர்கொண்ட வினா வன்னித் தமிழர் எதிர்கொண்டதே. தமிழ்ச் சூழலில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசுவோர் மிகச் சிலர்.

இலங்கைச் சட்டப்படி, தனியார் நிலத்தைப் பத்தாண்டு இடையறாது எதிருரிமையோடு ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் வெளியேறியோர் இவ்விதியால் தம் நிலத்தை இழக்காதிருக்க, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் சிறப்புச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. வேண்டிய சட்டமே, ஆயினும் அது முன்னரே உறுதி உடையவருக்கான காப்பு. மலையக வழியினரின் நாடற்ற நிலையைப் போக்க 2003இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவுக்குப் பெயர்ந்தோரையும் உட்படுத்த 2009இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டம் குடியுரிமையைத் தந்தது. காந்தியக் காலத்தில் அவர்கள் திருத்திய காணியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.