செக்ரோலில் ஒரு பெயர்

உதகையிலிருந்து கூடலூருக்குச் செல்லும் மலைப்பாதை, பைக்காராவைக் கடந்து நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பைத் தொடும் இடத்தில் இருக்கிறது நடுவட்டம். அதற்கு அப்பால் பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கிவிடும். சுற்றுலா வருவோர் தேநீர் அருந்தச் சற்றே வண்டியை நிறுத்திப் புறப்பட்டுவிடுகிற சிற்றூர். ஆயினும், ஒரு பெரிய நிறுவனத்தின்கீழ் வேலை செய்யும் மனிதன் அதில் எதை விரும்புகிறான், எதை வெறுக்கிறான் என்று கேட்போமானால், அதற்குரிய விடையைத் தன் சரிவுகளில் நூற்றறுபது ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிற ஊர் இது.

நடுவட்டத்தின் முதல் பெருந்தோட்டம் தேயிலைத் தோட்டமன்று, சிங்கோனாத் தோட்டம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா, இம்மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1860-ஆம் ஆண்டையொட்டி, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கமும் அவருடைய துணைவர்களும் திரட்டிய கன்றுகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்தன. உதகை அரசுப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த மக்கைவர் அவற்றைப் பேணி வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. முதலாளி, ஆங்கிலேயரின் சென்னை மாகாண அரசு. வேலைக்கு ஆள் வேண்டுமே! மலாய்க் கரையோரக் குடியேற்றங்களில் தண்டனை பெற்றுச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகள் மலையேற்றப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. உறைவிடமும் உணவும் உடையும் வேலையும் தவறாமல் அளித்த முதலாளி அந்த அரசு; விட்டுப் போகும் உரிமையை மட்டும் அது தரவில்லை.

தண்டனைக் காலம் முடிந்தபின் அவர்களுள் சிலர் சீனம் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் குடியமர்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி அக்குடும்பங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். சிறு அளவில் காப்பியும் காய்கறியும் பயிரிட்டு, பசுக்களின் பாலை விற்று அவர்கள் நேர்மையாகப் பிழைத்தார்களாம். அரசின் பெருந்தோட்டம் அருகிலேயே இருக்க, விடுதலை பெற்றவன் நாடிச் சென்றது ஒரு கொத்து நிலத்தையும் இரண்டு பசுக்களையும் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிங்கோனாவின் செழிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவில் வளர்த்த உயர்ந்த வகை மரங்கள் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது நம் மலைப்பட்டைக்கு மறுபடியும் மதிப்பு உயர்ந்தது; போருக்குப் பின் செயற்கை மருந்துகள் வந்து அதையும் முடித்துவைத்தன. இம்மலையில் எஞ்சியது தேயிலை.

தேயிலையோடு வந்தவர்கள் வேறொரு வகை மக்கள். அவர்கள் வந்த வழியைச் சொல்லாமல், அவர்கள் நிறுவனத்தின்மீது கொண்ட பற்றை விளக்க இயலாது.

இலங்கையின் மலைநாட்டைப் பசுமையாக்கிய தமிழ்த் தொழிலாளரைக் குடியுரிமையற்றவர்களாக்கியது 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்ட அந்த உடன்பாடுகளைப் பற்றி எழுத எடுத்தால் தனிக் கட்டுரையாகிவிடும். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குடும்ப அட்டையோடு தங்களுக்கு அறிமுகமில்லாத தாயகத்திற்குள் நடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரி ஒதுக்கப்பட்டது.

அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் தமிழக அரசு, வனத்துறையின்கீழ் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம், பாண்டியார், சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று காடு திருத்தித் தேயிலை நட்டார்கள். பின்னர் ஆனைமலையில் வால்பாறையிலும் பரப்பு சேர்ந்தது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், மக்கள் வழக்கில் 'டான்டீ' என்னும் அரசு நிறுவனமாக இயங்கி வருகிறது. நாலாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட தேயிலை, தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், வரிசை வரிசையான லயன் வீடுகள் எனப் பெருநிறுவனமாயிற்று.

இந்நிறுவனத்தில் அவர்கள் விரும்பியது என்ன? கூலி என்று சொல்லத் தோன்றும். கூலி எப்போதும் குறைவாகவே இருந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து அவர்கள் கொண்டுவந்த ஒரு வழக்கில் விடையிருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். அரை நாளுக்கு 'அரைப் பேர்'. வேலை கொடுத்தால் 'பேர் போட்டார்கள்' என்பர். வருகைப் பதிவேடாகிய செக்ரோலில் பெயர் ஏறுவதே வேலை, வேலையே பெயர். எந்த நாட்டின் குடிமக்கள் பட்டியலிலும் பதினாறு, இருபது ஆண்டுகள் இடம்பெறாதிருந்த ஒருவருக்கு, ஓர் அரசு நிறுவனத்தின் செக்ரோலில் தம் பெயரும் மனைவியின் பெயரும் நாள்தோறும் எழுதப்படுவது எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை நம்மால் ஓரளவே ஊகிக்க முடியும். தாயகம் திரும்பியவர்களில் தொழில் தொடங்கக் கடன் பெற்றுச் சமவெளியில் கடை வைத்தவர்கள் பலர், பழக்கமில்லாத வணிகத்தில் கைப்பொருளை இழந்து, வேலை தேடி மலைக்கே வந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அதன்பின்தான் மற்ற வசதிகள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் முதலாளியின் கடமை என்றது. சிறு தோட்டங்கள் பல இச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. வந்தவையும் நழுவப் பார்த்தன. பெரிய நிறுவனத்திற்கு நழுவ வழியில்லை. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, தீபாவளிக்கு முன் போனஸ், பேறுகால விடுப்பு, குளிருக்குக் கம்பளி. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் கொழுந்தெடுக்கப் போகலாம். ஆனி, ஆடியில் நடுவட்டத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அட்டைக்கடியில் நிற்கும் தாயின் முதுகில் பிள்ளை இல்லையே என்பது சின்ன நிம்மதியன்று. இன்னுமொன்று: சிறு முதலாளியிடம் அவருடைய மனநிலையே சட்டம். பெரிய நிறுவனத்தில் விதிப்புத்தகம் உண்டு. முறையிடத் தொழிற்சங்கம் உண்டு. துரை என்று எவரையும் கும்பிட வேண்டியதில்லை.

வெறுத்தவையும் அங்கேயே முளைத்தன. கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்திற்கும் கூடைக்கும் என்று எடையில் கழிப்பது எல்லாப் பெருந்தோட்டங்களிலும் எழுகிற பழைய மனக்கசப்பு. பறித்தவளுக்குத் தன் கூடையின் கனம் தோளில் தெரியும், தராசு வேறொன்றைச் சொல்லும். விதிப்புத்தகத்திற்கும் மறுபக்கம் இருந்தது. விதி வைத்திருப்பவர் எங்கோ இருப்பார். மேலாளர் சில ஆண்டுகளில் மாறிவிடுவார். அவர் கொடுத்த வாக்கு அவரோடு போய்விடும். கூரை ஒழுகினால் தாமே ஒரு தகரம் வாங்கிப் போடலாமா என்று கேட்பதற்குக்கூடக் கோப்பு நகர வேண்டும். அது தங்கள் வீடு அல்லவே. கொடுமைக்காரத் துரையைத் திட்டவாவது முடியும். கோப்பை யார் திட்டுவது?

வீடு என்று சொல்லும்போது இக்கதையின் உயிர்நிலையைத் தொடுகிறோம். லயன் வீடு வேலைக்குத் தரப்படுவது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது, நாற்பது ஆண்டு கவ்வாத்து வெட்டியும் கொழுந்து பறித்தும் ஓய்வுபெறும் நாளில், திருமணங்களும் பிறப்புகளும் சாவுகளும் நடந்த அந்த அறையின் சாவியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டை விடாமல் இருக்க ஒரே வழி, மகனோ மருமகளோ அதே செக்ரோலில் பேர் போட்டுக்கொள்வது. தந்தைக்குப் புகலிடமாயிருந்த வேலை, இப்படித்தான் மகனுக்குத் தளையாயிற்று. தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் நன்றியோடு நினைப்பதும் அச்சத்தோடு நினைப்பதும் அந்த வீடாகவே இருப்பதைக் காண்கிறோம்.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கருகே, இரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் 1880-களில் தம் தொழிலாளருக்கென்று அழகிய ஊரையே கட்டினார். பூங்காவும் நூலகமும் உண்டு. யாருக்கும் சொந்த வீடு மட்டும் இல்லை. பொருளாதார மந்தம் வந்தபோது கூலியைக் குறைத்தார், வாடகையைக் குறைக்க மறுத்தார். 1894-இல் வெடித்த வேலைநிறுத்தம் அந்நாட்டையே உலுக்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலில், உழைப்பவன் தன் கூலியில் மிச்சம் பிடித்துச் சிறு உடைமையேனும் சேர்த்துக்கொள்ள இயல வேண்டும் என்று எழுதியிருந்தார். அவ்வரிகளின் பொருள், லயன் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவுரையின்றியே விளங்கும். நம் மாநிலத்திலேயே, நெல்லை மாவட்டத்து மாஞ்சோலையில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள், குத்தகைக் காலம் முடிவை நெருங்கியதும் 2024-இல் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம்.

நடுவட்டத்தின் நிறுவனமும் ஒரு வகையில் குடியிருப்பவனே. டான்டீயின் தேயிலை நிற்பது வனத்துறையின் நிலத்தில்; அதற்குக் குத்தகை செலுத்துகிறார்கள். தொழிலாளி அறியாத இவ்வுண்மை, நட்டம் வந்தபோது வெளிப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் தென்னிந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்து நீலகிரியின் சிறு விவசாயிகளையும் பெருந்தோட்டங்களையும் ஒருசேரத் தாக்கியது. பெரிய நிறுவனம் வீழாது என்று எண்ணியிருந்தவர்கள், நிலுவைகளைப் பற்றியும் பணிக்கொடைத் தாமதத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். பறிக்க ஆளில்லாத சரிவுகளில் களை மண்டியது. 2022-இல் டான்டீ வசமிருந்த 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணை பிறப்பித்தது. வேலை போகாது, வேறு தோட்டங்களில் தொடரலாம் என்றார்கள். தொழிலாளர் அமைதியடையவில்லை, போராட்டங்கள் எழுந்தன.

காடு மீள்வது நல்லதே, யானைக்கும் சோலைக்கும் வழி வேண்டும் என்று எண்ணுகிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் 1968-இல் காட்டைத் திருத்தியவர்கள் அதைத் தாங்களாக விரும்பித் திருத்தவில்லை. இரண்டு அரசுகள் அவர்களைப் பங்கிட்டன. மூன்றாவதாக ஓர் அரசு அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. காட்டுக்குச் செய்ய வேண்டிய பரிகாரத்தின் செலவு அவர்கள் கணக்கில் ஏறலாகாது.

அவர்களுடைய பிள்ளைகள் இதற்குள் தங்கள் தீர்ப்பை வழங்கிவிட்டார்கள். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் கோவையின் பட்டறைகளிலும் வாடகை அறைகளிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். அங்கே வைப்பு நிதியும் கம்பளியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை; நாளை வேலை உண்டா என்பதும் உறுதியில்லை. பெற்றோர் மதித்த ஒவ்வொன்றையும் இழந்துதான் போகிறார்கள். ஆனால் வேலையை விட்ட அன்றே வீட்டையும் விட வேண்டும் என்ற நிலை இல்லை. நீலகிரியின் தனியார் தோட்டங்களில் இப்போது கொழுந்து பறிப்பவர்களுள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் மிகுதி. அவர்களும் லயன் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டான்டீ தொழிலாளருக்கு வீடு தருவதற்கு 2022-இன் கலக்கத்திற்குப் பின் அரசு முன்வந்தது. சாவியை ஒப்படைத்துவிட்டு எங்கே போவது என்று கேட்டு நின்றவர்களில் சிலர், அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாக, வேலையோடு கட்டப்படாத ஒரு கதவின் சாவியைக் கையில் வாங்கக் காத்திருந்தார்கள்.