இயந்திரத்தைச் சூடேற்றிய கதை



சுங்கை வே வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈய லம்பங்களும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தபோது, பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைக்குப் போனார்கள். ஆயினும் தோட்டத்து மக்களுக்கு இயந்திரம் புதியதன்று. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் உருளைகளைச் சுழற்றிய எண்ணெய் இயந்திரத்தை அவர்களுடைய பாட்டன்மார் அறிவார்கள்.

பழைய எண்ணெய் இயந்திரங்கள் பல, எடுத்தவுடன் ஓடமாட்டா. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் என்னும் ஆங்கிலேயர் 1890-இல் காப்புரிமை பெற்று, ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் விற்ற இயந்திரம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் தலைப்பகுதியிலுள்ள இரும்புக் குமிழை விளக்குச் சுடரால் பல நிமிடம் காய்ச்ச வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றினால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். எண்ணெய் சிந்திய தரைக்கு அருகே திறந்த தீ! ஆபத்துக்கு வேறென்ன வேண்டும்?

ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய இயந்திரத்துக்குப் புறத்தீ தேவையில்லை. காற்றை அழுத்துவதால் எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றும். நம்முடைய வெப்ப நாட்டுக்கு அது போதும். பனி நாட்டிலோ, குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. உள்ளே ஊற்றிய எண்ணெயும் கூழாக இறுகுகிறது. பெட்ரோல் வண்டிகளும் இத்துன்பத்துக்குத் தப்புவதில்லை. 1941 டிசம்பரில், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிய அதே மாதத்தில், மாஸ்கோவை நெருங்கியிருந்த ஜெர்மானியப் படையினர் தம் வண்டிகளின் அடியில் தீ மூட்டி அவற்றைக் கிளப்ப முயன்றார்கள்.

தீக்கு மாற்றாக மின்சாரம் வந்தது. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தவரான ஆண்ட்ரூ ஃபிரீமன், இயந்திரத் தலைப்பகுதியின் திருகாணி ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மின்சாரச் சூடேற்றியைப் பொருத்தும் முறைக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். இன்று வழங்கும் சூடேற்றிகள் பெரும்பாலும் இயந்திரத்துக்குள் ஓடும் குளிர்விப்பு நீரைச் சூடாக்குபவை.

தீ போயிற்று, ஆபத்து போகவில்லை. 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் கனடாவில் குடியேறினார்கள். நம் பிள்ளைகளும் குளிர்நாடுகளுக்குப் படிக்கவும் உழைக்கவும் செல்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லி அனுப்ப வேண்டியவை இவை. சூடேற்றியின் கம்பி, வெளியிடத்துக்கு ஏற்றதாகவும் நில இணைப்புடைய மூன்று முனைச் செருகி கொண்டதாகவும் இருக்க வேண்டும். உறை கிழிந்த கம்பியைப் பயன்படுத்தலாகாது. இரவு முழுவதும் சூடேற்றத் தேவையில்லை. புறப்படுவதற்கு முன் இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும். வண்டியை எடுக்குமுன் செருகியைக் கழற்ற மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும்.

இந்த எச்சரிக்கை பனி நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. மின்சாரம் நின்றபோது வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவோரும், குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியில் உறங்குவோரும் இதே நச்சுக்கு ஆளாகலாம். இயந்திரத்துக்குச் சூடு தேவை. மனிதனுக்கு நல்ல காற்று தேவை. இதனை இன்றே வீட்டிலுள்ளோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.