தீட்டும் பலியும்: எபிரேயர் சட்டமும் வைகைக் கரையும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் பழைய எபிரேயர்களின் சமயச் சட்டம் குறித்து உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்கள் பலியிட்ட முறையையும் தீட்டுக் கழித்த முறையையும் விளக்கி அமர்ந்தபோது மூத்த கவிஞர் ஒருவர் எழுந்து, "அம்மா, இதற்கு எருசலேம் வரை போவானேன்? நம்ம ஊர்க் கிடாவெட்டில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?" என்று வினவினார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அவ்வினாவுக்கு உரிய விடையை எழுத முயல்வதே தக்கது எனக் கருதினேன்.

எபிரேயத்தையும் தமிழையும் இணைத்துப் பேசுவோர் மயிலைக் குறிக்கும் 'துகி' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு பொருத்திக் காட்டிப் பழைய கடல்வணிகத்தை நினைவூட்டுவது வழக்கம். இக்கட்டுரை அவ்வழிச் செல்வதன்று. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என நிறுவுவதும் இதன் நோக்கமன்று. குருதி, பிறப்பு, இறப்பு ஆகியவற்றின் முன் மனிதர்க்கு எழும் ஒரே வகை அச்சத்தை இரு சமுதாயங்கள் எவ்வாறு விதியாக்கின என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

சொற்கள் கூறும் செய்தி

தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டபின் பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்து 1719இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். நெடுங்காலம் வழங்கிவந்த தமிழ் மொழிபெயர்ப்பில் மோசேயின் ஐந்து நூல்களும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயர் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. கோயில் வழிபாட்டு நெறியைக் கூறும் சைவ நூல்களின் பெயரே எபிரேயர் வேதத்திற்கும் சூட்டப்பட்டது. பலி, தீட்டு, சுத்திகரிப்பு முதலிய சொற்களும் நம் வீட்டு முற்றத்திலிருந்தும் கோயில் வாயிலிலிருந்தும் எடுக்கப்பட்டவையே.

இந்த ஒற்றுமையைக் கூர்ந்து கண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பீட்டர் பார்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்தில் உடனுழைத்தவர் அவர். கோயில், விளக்கு, தூபம், நீராடித் தூய்மை பெறுதல், நிவேதனம் ஆகியவற்றை இகழ்ந்த பாதிரிமார்க்கு, அவையெல்லாம் அவர்தம் வேதத்திலேயே விதிக்கப்பட்டுள்ளன என்று 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில் எடுத்துக் காட்டினார். அதே நாவலர் ஊர்க் கோயில்களில் ஆடு கோழி பலியிடுதலைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

எபிரேயத்தில் பலிக்கு வழங்கும் பொதுச்சொல் 'கொர்பான்'. அணுகுதல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது அது. இறைவனை அணுகுவதற்குக் கொண்டுவரப்படுவது என்பது அதன் கருத்து. நம் 'தீட்டு' என்பதோ 'தீண்டு' என்னும் வினையோடு தொடர்புடையது. முன்னது நெருங்குதலைப் பற்றியது. பின்னது தொடுதலைப் பற்றியது. எவர், எப்போது, எவ்வளவு நெருங்கலாம் என்னும் ஒரு வினாவுக்கே இவ்விரு சொற்களும் விடை தேடுகின்றன.

பலியின் விதிகள்

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் ஐவகைப் பலிகளைக் கூறுகின்றன. முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலி, மாவும் எண்ணெயும் கொண்ட போஜனபலி, விருந்தாக உண்ணப்படும் சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்பன அவை. விலங்கு ஊனமற்றதாக இருத்தல் வேண்டும். தகனபலியில் அதைக் கொணர்ந்தவனே அதன் தலைமீது கைவைத்து, அவனே அறுக்க வேண்டும். குருதியை ஏந்திப் பீடத்தில் சேர்ப்பது ஆசாரியன் பணி. உயிர் குருதியில் உள்ளது. உயிர் இறைவனுக்கு உரியது. ஆகவே குருதியை எவரும் உண்ணலாகாது என்பது இச்சட்டத்தின் அடித்தளம்.

நம் பகுதிக் கிடாவெட்டிலும் விதிகள் உண்டு. கிடாயின்மேல் மஞ்சள்நீர் தெளிக்கப்படுகிறது. அது உடலைச் சிலிர்த்துக்கொண்டால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்பர். சிலிர்க்கும் வரை காத்திருப்பர். பண்டைக் கிரேக்கரும் விலங்கின் தலையில் நீர் தெளித்து அதன் அசைவை இசைவாகக் கொண்டனர். எபிரேயச் சட்டத்தில் இவ்வழக்கம் இல்லை. விலங்கின் இசைவைவிட, அதைக் கொணர்ந்தவனின் கையும் மனமும் அங்கு முதன்மை பெறுகின்றன.

இன்னொரு விதி என் நெஞ்சைத் தொட்டது. குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு ஆட்டுக்குட்டியைச் செலுத்த இயலாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியற்றவன் ஏறக்குறைய 2 லிட்டர் அளவுள்ள மாவைக் கொண்டுவந்தாற் போதும் என்று 5ஆம் அதிகாரம் கூறுகிறது. நேர்த்திக்கடனுக்கு வட்டிக்கடன் வாங்கும் குடும்பங்களை அறிந்த நாம், ஏழையின் கையளவுக்கு இறங்கிவரும் இவ்விதியை மதித்தல் வேண்டும்.

எருசலேம் ஆலயத்தின் உட்கருவறை திரையால் மறைக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில் மட்டும், தலைமை ஆசாரியன் குருதியோடு அதனுள் நுழைவான். அன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்படும். ஒன்று பலியாகும், மற்றதன் தலையில் மக்களின் குற்றங்கள் அறிக்கையிடப்பட்டு அது பாலைக்கு அனுப்பப்படும். திரைக்கு அப்பாலுள்ள அத்தனிமையை நினைக்கும்போதெல்லாம் மஞ்சளாற்றங்கரையிலுள்ள தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலே என் நினைவுக்கு வருகிறது. அங்கே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே வழிபாடு நிகழ்கிறது. காணாமையே தெய்வத்தின் அண்மையை உணர்த்தும் என்பதை நம் ஊராரும் அறிந்திருந்தனர்.

செந்நிறக் கிடாரியின் சாம்பல்

எபிரேயர் சட்டத்தில் தீட்டு என்பது பாவத்தினின்று வேறானது. பிள்ளை பெறுதல், மாதவிலக்கு, விந்து வெளிப்படல், தோல்நோய், பிணத்தைத் தொடுதல் ஆகியன தீட்டாம். இவற்றுட் பல இயற்கை. சில கடமையும் ஆகும். தாய்தந்தையரை அடக்கம் செய்வது கடமை. செய்தவர்க்கு ஏழு நாள் தீட்டு.

அத்தீட்டைக் கழிக்கும் முறை எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. நுகம் பூட்டப்படாத, ஊனமற்ற செந்நிறக் கிடாரி ஒன்றை ஊர்ப்புறத்தே கொன்று, கேதுருக் கட்டை, ஈசோப்புச் செடி, சிவப்பு நூல் ஆகியவற்றோடு எரித்துச் சாம்பலாக்குவர். ஓடும் நீரில் அச்சாம்பலைக் கலந்து, பிணந்தொட்டவர்மீது மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிப்பர். ஓடும் நீரை எபிரேயர் 'உயிருள்ள நீர்' என வழங்கினர்.

இச்சடங்கில் ஒரு முரண் உண்டு. தீட்டானவனைத் தூய்மையாக்கும் அப்பொருள், அதை ஆக்கியவனைத் தீட்டாக்குகிறது. சடங்கை நடத்திய ஆசாரியனும், கிடாரியை எரித்தவனும், சாம்பலை அள்ளியவனும், நீரைத் தெளித்தவனும் தீட்டுடையவராவர். யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக இதன் காரணத்தைத் தேடிவந்துள்ளனர். ஆனால் என் கவனத்தை ஈர்த்தது காரணம் அன்று, கால அளவே. அவர்கள் அனைவரும் மாலை வரைக்குமே தீட்டுடையவர். கதிரவன் மறைந்தால் அத்தீட்டும் மறைந்துவிடும். ஊராரின் அழுக்கை நீக்கியவர்மேல் அந்த அழுக்கு ஓர் இரவுகூடத் தங்குவதில்லை.

தூய்மை பற்றி 1966இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதிய மானிடவியலறிஞர் மேரி டக்ளஸ், எண்ணாகமம் பற்றி 1993இல் வெளியிட்ட நூலில், விவிலியத் தீட்டு விதிகள் சமுதாயத்தை மேல்கீழாகப் பிரிக்கப் பயன்படவில்லை என்று வாதிட்டார். ஆசாரியனுக்கும் தீட்டு உண்டு, அரசனுக்கும் உண்டு, வந்த தீட்டுக்குக் கழியும் வழியும் உண்டு.

இச்சட்டத்தைக் குறையற்றதெனக் கூற நான் முற்படவில்லை. ஆசாரியப் பதவி ஆரோன் குடிப்பிறப்புக்கே உரியது. உடற்குறை உடையவர் பீடத்தில் பணிசெய்ய இயலாது. தோல்நோயாளர் நோய் தீரும் வரை பாளையத்திற்கு வெளியே வாழ வேண்டும். ஆண்குழந்தை பெற்றவள் 40 நாள் விலகியிருந்தால், பெண்குழந்தை பெற்றவள் 80 நாள் விலகியிருக்க வேண்டும். பெண்ணொருத்தி இதைப் படிக்கும்போது உள்ளம் சுடாமல் இருப்பதில்லை.

வைகைக் கரையில்

இனி நம் கரைக்கு வருவோம். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகையின் அருகே, 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் நம் பகுதிக்குப் பெருமை சேர்த்தவை. ஆகோளில் வீழ்ந்தவனுக்கு எடுத்த கல்லும் அவற்றுள் ஒன்று. எபிரேயச் சட்டத்தில் பிணமும் கல்லறையும் தீட்டின் தலையாய ஊற்றுகள். இங்கோ இறந்த வீரன் கல்லாகிக் கள்ளும் மாலையும் மயிற்பீலியும் பெற்றுத் தெய்வமாகிறான். இறப்பை விலக்கிவைத்தது அவ்வழி, வழிபட்டது இவ்வழி. கவிஞரின் வினாவுக்கு இதுவே என் முதல் விடை.

பலியும் நமக்குப் புதிதன்று. கொழுத்த கிடாயின் குருதியைத் தூய வெள்ளரிசியோடு கலந்து முருகனுக்குப் பலியிடும் குறமகளைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. தீட்டும் அவ்வாறே. பெண்பாற்புலவர் எனக் கொள்ளப்படும் பொன்முடியார், புறநானூற்று 299ஆம் பாட்டில், போர்க்களத்தில் ஒடுங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் பெண்களை உவமையாக்கினார். விலகி நிற்றலின் கூச்சத்தை அறிந்தவரே அவ்வுவமையை எண்ணியிருக்க இயலும் என்பது என் கருத்து.

இங்கு என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பிழையாகாது என நம்புகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அணைக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள எங்கள் ஊரில் நான் பூப்பெய்தியபோது, தாய்மாமன் கட்டிய ஓலைக் குச்சில் என்னை அமர்த்தினார்கள். சோற்றுத் தட்டு தொலைவில் வைக்கப்பட்டது. சலவைத் தொழில் செய்த குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் நாள்தோறும் வந்து என் துணிகளை எடுத்துச்சென்று மாற்றுச் சேலை தருவார். அந்த நாட்களில் என் அருகில் அமர்ந்து, அச்சப்படாதே என்று கூறியவர் அவர் ஒருவரே. பதினாறாம் நாள் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் வீட்டுக்குள் சென்றேன். சாமி அறைக்கும் சென்றேன். என் தீட்டைத் தன் கையால் கழுவிய அந்தப் பெரியம்மா, அன்றைய விருந்துச் சோற்றை எங்கள் கொல்லைப்புறத்தில் நின்று பாத்திரத்தில் வாங்கிச் சென்றார். என் தீட்டுக்குப் பதினாறு நாள் எல்லை இருந்தது. அவருக்கு விதிக்கப்பட்டதற்கு எல்லை ஏதுமில்லை. அவருடைய தாய்க்கும் இருந்ததில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் எண்ணாகமத்தில் 'மாலை வரை' என்னும் விதியைப் படித்தபோது அவர் முகமே என் கண்முன் நின்றது. நிலையை ஒட்டி வந்து நீங்கும் தீட்டைப் பிறப்பை ஒட்டி நீங்காததாக மாற்றியதே நம் சமுதாயம் செய்த பெரும்பிழை. பிணம் சுமந்தவர், பறை அறைந்தவர், துணி வெளுத்தவர், தெருவைத் துப்புரவு செய்தவர் ஆகியோர் ஊரின் தூய்மைக்கு உழைத்தவர்கள். அத்தூய்மையின் விலையை அவர்தம் பிள்ளைகள் பிறக்குமுன்பே செலுத்திவிட்டனர்.

இதே வைகை பாயும் மதுரையில், 1939 சூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். பூசகர்களுட் சிலர் சுத்தி செய்யாமல் பூசை நடத்த மறுத்தனர். கழுவப்பட வேண்டியது எது என்பதில் அன்று இரு கருத்துகள் மோதின. கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் அவ்வாண்டிலேயே வந்தது.

பீடம் இல்லாத காலம்

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பீடம் இன்றேல் பலி இல்லை என்பது சட்டம். யூதர் சமயம் அத்தோடு அழிந்திருக்கலாம், அழியவில்லை. வழிபாடும் ஈகையும் நூலோதுதலும் பலியின் இடத்தைப் பெற்றன. இரக்கமற்ற பலியால் பயனில்லை என்று இறைவாக்கினர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடித்துரைத்திருந்தனர். கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே, மலைக்கு அப்பால், கொச்சியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்திலும் ஓதுதல் உண்டு, பலிபீடம் இல்லை. கெரிசீம் மலையில் சமாரியர் மட்டும் பாஸ்கா ஆடுகளை இன்றும் பலியிடுகின்றனர்.

நம்மிடமும் மாற்றுகள் தோன்றின. குங்குமம் தடவிய பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் குருதியின் இடத்தைப் பெற்றன. பெருங்கோயில்களின் பலிபீடத்தில் அன்னமே இடப்படுகிறது. விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டு, நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாகச் செயற்படுத்த ஆணை பிறந்தது. எங்கள் குலசாமிக்கு நாங்கள் படைப்பதைத் தடுக்க நீங்கள் யார் என்று சிற்றூர் மக்கள் கேட்டனர். 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அதே 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது நீக்கப்படவில்லை, நீக்கப்படவும் கூடாது. ஆயினும் கத்தியைத் தடுத்த சட்டத்தைப் பற்றி எழுந்த சொற்போரில் நூற்றில் ஒரு பங்கேனும் கொல்லைப்புறத்தில் நின்றவரைப் பற்றி எழுந்ததா என எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிடாவெட்டு நம் மக்களின் கூட்டு விருந்து. அதை இழிவென்று கூற எனக்கு மனமில்லை. ஆனால் பலியின் மெய்ப்பொருள் அணுகுதல் என்றால், அந்த விருந்தில் எவரும் விலகி நிற்றலாகாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கென நம் அணையிலிருந்து வைகையில் நீர் திறந்துவிடப்படுவதுண்டு. 1959 முதல் நம்மோடிருக்கும் இவ்வணையின் மதகைத் தாண்டும் நீர், கரையில் நிற்போரின் குலம் கேட்பதில்லை. எபிரேயர் மொழியில் அது உயிருள்ள நீர். கவிஞர் கேட்ட வினாவுக்கு என் விடையை இப்போது கூறுகிறேன். ஐயா, நம் ஊர்க் கிடாவெட்டில் இல்லாதது அச்சட்டத்தில் ஒன்று உண்டு. 'மாலை வரை' என்னும் அந்த இரு சொற்கள். அவற்றை நம் கரைக்குக் கொண்டுவரும் பணி, நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் உங்களைப் போன்ற கவிஞர்களுக்கு உரியதாகுக.