காலை எடுத்தாச்சு... லாரி எடுக்கலை!

1986. நான் எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். நாமக்கல்லில் பெரியப்பாவிடம் ஒரே ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. ஒருநாள் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது டிரைவர் அண்ணன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறார். எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. மனுஷன் பதறாமல், கிளட்ச்சை மிதிக்காமல், வண்டியை கியரிலேயே விட்டு, எஞ்சினை நிறுத்துகிற ஸ்டாப் கம்பியை இழுத்திருக்கிறார். டீசல் நின்றதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவியிருக்கிறது. பதறி கிளட்ச்சை மிதித்திருந்தால் அந்தப் பிடிமானம் போயிருக்கும்.

பெரியப்பா நம்பவில்லை. "உனக்குக் கால் வெயிட்டு"ன்னு ஒரே சத்தம்.

"காலை எடுத்துட்டேனுங்க மொதலாளி. வண்டிதான் எடுக்கலீங்க."

அந்த வார படியும் கட். ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்தோம். பெடலுக்கு இன்னொரு ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பிட்டாங்க. பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. அப்புறம்தான் ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனோம். அவர் பெடலைத் தொடவே இல்லை. டிரைவர் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஸ்டாப் கம்பியை இழுத்ததும் உடனே நின்னுச்சா?"

"உடனே நின்னுச்சுங்க."

"அப்ப பம்ப்புக்குள்ள கோளாறு இல்லை."

இது எப்படித் தெரிந்ததுன்னு எனக்கு ரொம்ப வருஷம் புரியலை. அதுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897ல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அதில் அழுத்தக் காற்றை வைத்து எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர் வேணும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி, லாரிக்கு அந்த கனம் ஆகுமா? 1923-24 வாக்கில்தான் பென்ஸ், மான் கம்பெனிகளின் டீசல் லாரிகள் வந்தன. 1927ல் ராபர்ட் பாஷ் கம்பெனி டீசல் பம்ப்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகு ரோட்டில் டீசலின் காலம் வந்தது. நம்ம ஊருக்கு அது வந்த வழி, 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ. (2008ல் அதன் பேரே பாஷ் லிமிடெட்னு மாறிடுச்சு.) "மைகோ பம்ப்" என்று சொல்லாத லாரி டிரைவர் அந்தக் காலத்தில் உண்டா?

அந்த பம்ப்புக்குள் ரேக் என்று ஒரு பல் வைத்த தண்டு இருக்கும். அது முன்னும் பின்னும் நகர்ந்துதான் எவ்வளவு டீசல் போகணும்னு முடிவாகும். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டர் காற்றுக் கதவைத் திறக்கும். பழைய டீசல் லாரிகளில் பெரும்பாலும் அப்படி ஒரு கதவே கிடையாது. நம்ம கால் கேட்கும், கவர்னர் பார்த்து ரேக்கை நகர்த்தும். ஸ்டாப் கம்பியும் அதே ரேக்கைத்தான் இழுத்து டீசலை அடைக்கிறது. ரேக் இறுகியிருந்தால் கம்பியை இழுத்தாலும் எஞ்சின் நின்றிருக்காது. அண்ணன் இழுத்ததும் நின்றது. ஆகவே ரேக் நல்லாத்தான் இருக்கு. பெரியவர் கேட்ட ஒரு கேள்வியில் பாதி வண்டி கழிஞ்சு போச்சு!

மீதி பாதிக்கு அவர் செய்தது இதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்ப் லீவரிலிருந்து ஆக்ஸிலேட்டர் ராடைக் கழற்றினார். லீவரைக் கையால் தள்ளி விட்டார், டக்குன்னு திரும்பி வந்தது. அப்புறம் பெடல் பக்கம் வந்து, அடியில் மிதியடி, சேறு எதுவும் சிக்கியிருக்கான்னு பார்த்து, அங்கேயும் ராடைக் கழற்றி பெடலை மட்டும் அமுக்கினார். அதுவும் சரி. மிச்சம் நடுவில் இருக்கும் ராடும், அது திரும்புகிற எல் வடிவ லீவரும்தான். அந்த லீவரின் புஷ் தேய்ந்து, கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்று நைந்திருந்தது. ராடை மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணினால் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தது, ராடும் கோணலாகி அந்த புஷ்ஷில் இறுகியது. நின்ற வண்டியில் பெடல் ஒழுங்காக வந்ததுக்கும், ரோட்டில் மாட்டியதுக்கும் காரணம் அதுதான். முதல் ஒர்க்ஷாப் மாட்டிய கூடுதல் ஸ்பிரிங் கோளாறைக் கொஞ்ச நாள் மறைத்தது, டிரைவர் காலை வலிக்க வைத்தது, அவ்வளவுதான். புது புஷ், புது ரப்பர், கொஞ்சம் கிரீஸ். வேலை முடிந்தது.

ராடு போய், கேபிள் வந்து, பிறகு பெடலில் சென்சார் மட்டும் என்றாகிவிட்டது. இனி இறுக என்ன இருக்கு என்று நினைத்தால், 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், மாட்டிக்கொள்ளும் பெடல்! பழைய பெடலின் உராய்வுக்குப் பழகிய கால்களுக்காக, எலக்ட்ரானிக் பெடலிலும் வேண்டுமென்றே ஒரு உராய்வுத் துண்டை வைத்திருந்தார்கள். அது தேய்ந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு ராடு போனாலும் அதன் பேய் போகலை பாருங்க.

அன்னிக்கு சாயங்காலம் பெரியப்பா பிடித்து வைத்த படியை எண்ணி டிரைவர் அண்ணன் கையில் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கலை. "கால் வெயிட்டு"ங்கிற வார்த்தையை மட்டும் அதுக்கப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.