எரவாடாச் சிறையும் 1977 தேர்தலும்

நெடுங்காலம் ஆட்சியில் இருந்தவர் தாமே அறிவிக்கும் தேர்தல் நேர்மையாக நடக்குமா என்னும் கேள்வி, ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எழுவதாயினும், 1977இல் இந்தியாவிலும் எழுந்தது. புனே நகரில் அதற்குத் தனி அழுத்தம் இருந்தது.

1966 முதல் பிரதமராக இருந்த இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 ஜூன் 12 அன்று செல்லாதென அறிவித்த இரு வாரங்களுக்குள் நெருக்கடி நிலை பிறந்தது. இதழ்களுக்குத் தணிக்கை வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தரும் மிசா சட்டம் எதிர்க்கட்சியினர்மீது பாய்ந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் ஆராயாதபடி அரசியலமைப்பே 39ஆம் திருத்தத்தால் மாற்றப்பட்டது. அப்பகுதியை உச்ச நீதிமன்றம் நவம்பரில் நீக்கியபோதிலும், 1976 மார்ச்சில் முடிய வேண்டிய மக்களவையின் ஆயுள் இருமுறை ஓராண்டு வீதம் நீட்டப்பட்டது. வாக்குப்பெட்டியைத் தொடாமலே தேர்தலைப் பறிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புனேயின் எரவாடாச் சிறை, ஒடுக்கப்பட்டோருக்கான தனித்தொகுதிகளைப் பற்றி அம்பேத்கரும் காந்தியும் 1932 செப்டம்பரில் உடன்பாடு கண்ட இடம். வாக்குரிமையின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற அதே மதில்களுக்குள், ஆர்.எஸ்.எஸ். தலைவர் பாளாசாகேப் தேவ்ரஸ் உள்ளிட்ட அரசியல் கைதிகள் நெருக்கடி நிலையின்போது அடைக்கப்பட்டனர். நகர வாக்காளர்களோ எளிதில் வசப்படுபவர்கள் அல்லர்: 1957இல் நா. க. கோரேயையும், 1967இல் எஸ். எம். ஜோஷியையும், அதாவது இரு சோசலிசத் தலைவர்களை, மக்களவைக்கு அனுப்பியவர்கள். 1971இல் காங்கிரஸ் சார்பில் வென்ற மோகன் தாரியா, அரசுக்கு எதிரான இயக்கத்தை நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் அரசு பேச வேண்டும் என்றதற்காக 1975 மார்ச்சில் இணையமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் சிறையும் கண்டார்.

1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டபோது தலைவர்கள் விடுவிக்கப்பட்டுத் தணிக்கையும் தளர்ந்தது. ஆனால் நெருக்கடி நிலை முற்றாக நீங்கவில்லை, பலர் இன்னும் சிறையில் இருந்தனர், சோசலிசத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தவாறே முசாபர்பூரில் போட்டியிட்டார். கட்சியாக உருவெடுத்துச் சில வாரங்களே ஆன ஜனதா, பாரதிய லோக் தளத்தின் சின்னத்தைக் கடன்பெற்றுக் களமிறங்கியது. டி. சுவாமிநாதன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருக்க, மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு நடந்தது. முடிவில் இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார். மகாராஷ்டிரத்தின் 48 இடங்களில் காங்கிரசுக்கு 20 மட்டுமே கிடைத்தன. அதே வேளையில் தமிழகத்தில் காங்கிரஸ்–அ.தி.மு.க. அணி 39இல் 34ஐ வென்றது, இது வாக்குகள் ஒரே திசையில் ஓடவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆப்பிரிக்காவிலும் இப்படி நடந்ததுண்டு: ஜாம்பியாவில் 1964 முதல் ஆண்ட கென்னத் கவுண்டா, ஒற்றைக் கட்சி முறையைக் கைவிட்ட பின்னரே, 1991 அக்டோபர் தேர்தலில் தோற்று விலகினார். ஈரிடங்களிலும் முதலில் பூட்டு தளர்ந்தது, பிறகே தீர்ப்பு வந்தது.

புனேயில் ஜனதா வேட்பாளராக நின்ற தாரியா மீண்டும் வென்று மத்திய வணிக அமைச்சரானார். 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் மக்களவையின் ஆயுளை மீண்டும் ஐந்தாண்டாக்கி, நெருக்கடி நிலை அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி, 'ஆயுதக் கிளர்ச்சி' என்பதை வைத்தது.