தமிழ் வேதாகமம்: அச்சுப் பதிப்பும் மின்பதிப்பும்

தமிழ் வேதாகமத்தைத் தாளில் வாசிப்பதா, கைத்தொலைபேசியில் வாசிப்பதா என்ற கேள்வி அண்மைக் காலத்தது. வேதாகமத்தைக் கைத்தொலைபேசியில் தரும் யுவேர்ஷன் செயலி வெளிவந்ததே 2008இல்தான். தமிழரிடையே இக்கேள்வி பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பற்றிய கேள்வியாகவே முடிகிறது. கையில் எளிதாக வந்து சேரும் மொழிபெயர்ப்பே வாசகருக்கு வேதாகமமாகிவிடுகிறது.

அச்சின் கதை நீண்டது. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில், பிலிப்பு த மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் வெளியானது. 1812இல் கொழும்பில் வேதாகமச் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பெர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. சைவத்தின் காவலராக அறியப்பட்டவரின் கைபட்ட அந்தப் பதிப்பு நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வந்த திருப்புதலே புரட்டஸ்தாந்தர் வீடுகளில் ஊன்றியது. இன்று இலவசச் செயலிகளிலும் பரவலாகக் கிடைப்பது அதுதான். பழகிய நடை என்பது ஒரு காரணம்; காலத்தால் பழையதாகையால் பதிப்புரிமைச் சிக்கல் குறைவு என்பது மற்றொன்று.

கத்தோலிக்கர் இதில் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் உள்ளன; 66 நூல்களோடு நின்றுவிடும் செயலிகள் பல. தோபித்து நூலையோ மக்கபேயரையோ தேடி வெறுங்கையோடு திரும்புவோர் குறையைத் தங்கள் தேடலில் காண்பதுண்டு. ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்க நூல், சங்கீதம் திருப்பாடல்கள். பெயர் மாற்றம் தெரியாவிட்டால் பட்டியலிலேயே தடுமாற நேரும்.

ஆய்வுக்கு மின்பதிப்பின் பெரும் பலம் சொல் தேடல். ஆனால் தமிழில் அது பாதிப் பலமே. 'தேவாலயம்' என்று முழுச் சொல்லாக இட்டால் 'தேவாலயத்தில்', 'தேவாலயத்துக்கு' என்று வரும் வசனங்களைப் பல தேடுபொறிகள் தவறவிடும். 'தேவாலய' என்று ஈற்றை வெட்டித் தேடுவதே வழி. இலங்கையில் முன்பு பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் தட்டச்சான பாடக்குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் இப்படித் தேடவும் முடியாது. அச்சிலோ ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துத் தரும் ஒத்தவாக்கிய நூலும் ஓரக் குறிப்புகளும் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்துவந்தன.

வாசித்ததை விளங்கிக்கொள்வது பற்றி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் நூல்களைத் தாளில் வாசித்தவர்கள் சற்றுக் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள். கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. வேதாகமத்தை வைத்து நடந்த சோதனையல்ல அது. ஆயினும் ரூத்தின் கதையைத் திரையில் வாசித்துவிடலாம், ரோமருக்கு எழுதிய நிருபத்துக்குத் தாளும் பென்சிலும் வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு.

எது கைகொடுக்கும் என்பது சூழலையும் பொறுத்தது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூரை அடுத்த கிளிவெட்டி சைவர் மிகுந்த விவசாயக் கிராமம். 2006இல் சம்பூர்ப் பகுதியில் போர் மூண்டு இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம் ஒன்று அங்கே பல ஆண்டுகள் இருந்தது. எந்தச் சமயத்தவரானாலும், உடுத்த துணியோடு ஓட நேர்ந்தவர்களுக்குக் கனத்த நூல் சுமைதான். மாறாக, 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்னேற்றம் இல்லாத தொலைபேசியால் பயன் இருக்கவில்லை. அதே ஆண்டு தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைத் தேர்வுகளும் தள்ளிப்போயின. ஆக அச்சும் அப்போது பத்திரமாக இல்லை.

பார்வை மங்கிய முதியோருக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் ஒலிப்பதிவும் மின்பதிப்பை முதல் தெரிவாக்குகின்றன. இணையத்தொடர்பு உள்ளபோதே மொழிபெயர்ப்பையும் ஒலியையும் தரவிறக்கி வைத்தால் பிறகு டேட்டாச் செலவில்லை. கூட்டாக வாசிக்கும் இடங்களில் மட்டும் சிக்கல் தொடர்கிறது: அதிகாரமும் வசன எண்ணும் ஒன்றாக இருந்தும் ஒருவர் பழைய திருப்புதலையும் அருகிலிருப்பவர் பொது மொழிபெயர்ப்பையும் திறந்து வைத்திருப்பார்கள். ஆகவே குழு வாசிப்பில் எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதலில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தாளா திரையா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.