மேல் விறாந்தையின் பலகைத்தளம்

எங்களது யாழ்ப்பாண வீட்டின் மேல் விறாந்தைக்குத் தளமிட்டவர் எனது பாட்டனார். பனந்தீராந்திகளின் மேல் வன்னிக் காட்டு முதிரைப் பலகைகள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம்.

2010இல் திரும்பி வந்தபோது விறாந்தைக்குக் கூரை இருக்கவில்லை. 15 மாரிகளின் மழை பலகைகளின் மேல் நேராக விழுந்திருந்தது. "இடித்துவிட்டுக் கொங்கிறீற் போடுங்கள், அப்பா" என்றான் வெளிநாட்டிலுள்ள மகன். எனக்கும் அந்த எண்ணம் இல்லாமலில்லை.

முதிய தச்சர் ஒருவர் வந்து, தீராந்திகள் ஒவ்வொன்றையும் உளிமுனையாற் குத்திப் பார்த்தார். ஏனைய மரங்களுக்கு வைரம் நடுவில், பனைக்கோ வெளிச்சுற்றில். உள்ளேயிருப்பது மென்மையான சோற்றி. அதனை நீக்கிச் செதுக்கிய தீராந்தி எளிதில் உக்காது. ஆனால் சுவருக்குள் புதைந்த முனையில் ஈரம் தங்கும். கறையானும் அங்கேதான் தொடங்கும். அவ்வாறு மூன்று தீராந்திகள் கெட்டிருந்தன. பலகைகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. அவற்றைக் கழற்றிச் சீவி, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி அடிக்கலாம் என்றார்.

தீராந்தி, விறாந்தை, யன்னல் ஆகிய மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்களை 1658இல் ஒல்லாந்தர் வெளியேற்றினர். 1795இல் ஒல்லாந்தரை ஆங்கிலேயர் வெளியேற்றினர். சொற்களை வெளியேற்ற எவராலும் இயலவில்லை. மரம் மட்டும் எங்களுடையது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் பனைமரம் கடல்கடந்து தென்னிந்தியாவுக்கு விற்பனையாகியது.

அத்தகைய நாட்டில் மூன்று தீராந்திகளுக்கு வைரமேறிய பனை கிடைக்கவில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக இரு தரப்பினரும் தறித்த பனைகளின் இடத்தில் வடலிகளே நின்றன. வடலி தீராந்தியாவதற்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும். நிற்கும் பனையைத் தறிப்பதற்கும் அனுமதி பெறவேண்டும், பெறத்தான் வேண்டும்.

இறுதியில், இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் ஒருவரிடம் சென்றோம். வளவு நிறையத் தீராந்திகள் குவிந்திருந்தன. எந்த வீட்டுடையவை, உரிமையாளர் விற்றாரா, அல்லது விற்பதற்கு எவரும் எஞ்சியிருக்கவில்லையா? வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அன்று விலையை மட்டும் கேட்டேன்.

முனைகளுக்குத் தார் பூசி, பலகைகளுக்கு வேப்பெண்ணெய் தேய்த்து, வேலை முடிய ஒரு மாதமாயிற்று. வாங்கியவற்றுள் ஒன்றின் நடுவில் விரலளவில் வழுவழுப்பான தேய்வு இருந்தது. ஏணைக் கயிறு ஆடிய தடம். சீவிவிடவா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது இப்போதும் தெரியும்.